குடல் நலமும் சிறுநீரகமும்

“புரோபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் கிரியாட்டினின் குறையுமா, டாக்டர்?” புறநோயாளிகள் பிரிவில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது.

பெருங்குடலில் வாழும் எண்ணற்ற நுண்ணுயிரிகள், உணவிலுள்ள நார்ச்சத்தை நொதிக்கச் செய்து குடற்சுவருக்கு நன்மை தரும் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. நார்ச்சத்து குறைந்தால், செரிக்காமல் எஞ்சிய புரதத்தை அவை கூடுதலாகச் சிதைக்கின்றன. அதிலிருந்து இண்டாக்சில் சல்பேட், பாரா-கிரெசைல் சல்பேட் போன்ற நச்சுப்பொருள்கள் உண்டாகி இரத்தத்தில் கலக்கின்றன. நலமான சிறுநீரகம் இவற்றைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். செயல்திறன் குன்றிய சிறுநீரகத்தில் இவை தேங்குகின்றன. இரத்தப் புரதத்துடன் பிணைந்திருப்பதால் டயாலிசிஸும் இவற்றை முழுமையாக நீக்குவதில்லை.

மறுபுறம், இரத்தத்தில் மிகுந்த யூரியா குடலுக்குள் சென்று அம்மோனியாவாக மாறிக் குடற்சுவரை நலிவிக்கிறது. இவ்வாறு ஒன்றின் பாதிப்பு மற்றொன்றை வளர்க்கிறது.

புரோபயாட்டிக் மருந்துகளால் இந்நச்சுகள் ஓரளவு குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், அவை டயாலிசிஸ் தேவையைத் தள்ளிப்போடும் என்பது நிறுவப்படவில்லை. ஆகவே, அவற்றை நம்பி இரத்த அழுத்த மாத்திரையையோ சர்க்கரை நோய் மருந்தையோ நிறுத்துவது சிறுநீரகத்திற்கே கேடாக முடியும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• மலச்சிக்கலைப் பொருட்படுத்தாமல் இருக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதுற்ற நிலையில் பொட்டாசியத்தின் ஒரு பகுதி மலத்துடன் வெளியேறுகிறது. பேதி மருந்தைத் தாமாக வாங்கி உட்கொள்ளக் கூடாது. சிலவற்றில் மக்னீசியமோ பாஸ்பேட்டோ உண்டு.

• பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர்களும் காய்கறிகளை அறவே விலக்க வேண்டியதில்லை. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் போன்றவற்றை நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டு, உணவியல் நிபுணர் கூறிய அளவில் உண்ணலாம்.

• தயிரில் பாஸ்பரசும் பொட்டாசியமும் உள்ளன. அளவைக் கேட்டறியுங்கள். மோரையும் அன்றாட நீர் அளவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

• மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரின் ஒப்புதலின்றிப் புரோபயாட்டிக் எடுக்கக் கூடாது. அரிதாக, அந்நுண்ணுயிரிகளே தொற்றை உண்டாக்கக் கூடும்.

வீட்டில் இத்தகைய மாத்திரையோ பொடியோ பயன்பாட்டில் இருந்தால், அடுத்த முறை வரும்போது அதன் உறையை உடன் கொண்டுவாருங்கள். தொடரலாமா என்பதைச் சேர்ந்தே முடிவு செய்வோம்.