உழவா, மென்பொருளா?

சென்ற மாதம் ஈரோட்டு வட்டாரத்துச் சங்கமொன்றின் மகாசபைக் கூட்டம் முடிந்து, நாம் பதிவேடுகளைக் கட்டிக்கொண்டிருந்த வேளையில், மூத்த அங்கத்தினர் ஒருவர் தயங்கியவாறு அருகே வந்தார். மூன்று ஏக்கர் மஞ்சள் பூமி உடையவர். "பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற பையன், அதை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்கிறானுங்க. வரச் சொல்லட்டுங்களா, வேண்டாம் என்று சொல்லிவிடட்டுங்களா?" என்று வினவினார். மென்பொருள் வேலை நிலைக்குமா என்பது அவருடைய ஒரு கவலை. உழவனாகத் திரும்பும் பையனுக்குப் பெண் கொடுப்பார் யார் என்பது மற்றொன்று.

இவ்வினா இன்று பல வீடுகளில் எழுந்துள்ளது. ஆதலின், அப்பெரியவரிடம் கூறியதை அங்கத்தினர் அனைவர் முன்பும் வைக்க விரும்புகிறோம்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது பழமொழி. கணக்கு எழுதாமைக்குச் சமாதானமாக நாம் இதனை நெடுங்காலம் கூறி வந்துள்ளோம். மாதச் சம்பளத்தை விட்டு வருபவனோ கணக்குப் பார்த்தே தீரவேண்டும்.

2018-19ஆம் வேளாண்மை ஆண்டுக்கு மத்திய அரசு நடத்திய ஆய்வின்படி, இந்திய உழவர் குடும்பமொன்றின் சராசரி மாத வருவாய் 10,218 ரூபாய். இதில் பயிரால் கிடைத்தது 3,798 ரூபாய். கூலியாலும் சம்பளத்தாலும் கிடைத்தது 4,063 ரூபாய். உழவர் வீட்டிலேயே பயிரைவிடக் கூலி மிகுதியாக ஈட்டிற்று. 2015-16ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மென்பொருள் துறையிலோ, பெரிய நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பட்டதாரி ஆண்டுக்கு மூன்று, நான்கு லட்ச ரூபாய் பெறுகிறார். ஆயின், இத்தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் உயரவில்லை. மனிதர் எழுதிய நிரல்களை இயந்திரமே எழுதும் காலமும் வந்துவிட்டது. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமே சுமார் 12,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது. எனினும், வேலை இழந்தவன் கற்ற தொழிலோடு வெளியேறுகிறான். விளைச்சலை இழந்த உழவனிடம் கடனும் சேர்ந்து நிற்கிறது. இவ்வேற்றுமையை மறைத்து இளைஞரை ஊருக்கு அழைப்பது நேர்மையன்று.

அப்படியாயின் நிலம் வாழ்வு தராதா? மஞ்சளையே பார்ப்போம். 2010ஆம் ஆண்டின் இறுதியில் குவிண்டால் 15,000 ரூபாய்க்கு மேல் விற்றது. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. ஏக்கருக்கு இருபது குவிண்டால் எடுத்தவனுக்கு மூன்று லட்சமாக இருந்த வரவு ஒரு லட்சத்துக்கும் குறைந்தது. உழைப்பில் குறைவில்லை, நீரிலும் குறைவில்லை. விலை மட்டுமே வேறு. நூல் விலையும் துணி விலையும் பிறர் கையில் இருந்த காலத்தை அறிந்த நெசவாள அங்கத்தினருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

விலையை எதிர்கொள்ளும் வழிகள் நம்மிடம் இல்லாமலில்லை. ஈரோட்டிலும் கோபிசெட்டிபாளையத்திலும் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களே மஞ்சளை ஏலம் விடுகின்றன. நன்கு உலர்ந்த மஞ்சள் கிடங்கில் கெடாது நிற்கும். அதனை ஈடாக வைத்துக் கடன் பெற்று, நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். ஆயினும், பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டவேண்டிய அவசரத்தில் அறுவடை மாதத்திலேயே கிடைத்த விலைக்கு விற்றுவிடுவோரையே நமது ஆய்வுகளில் மிகுதியாகக் காண்கிறோம். ஈட்டுக்கடன் பதிவேட்டில் பல பக்கங்கள் வெற்றாகவே கிடக்கின்றன.

படித்த இளைஞனுக்கு இங்கேதான் வேலை காத்திருக்கிறது. சென்னை கிண்டியில் பொறியியல் பயின்ற வர்கீஸ் குரியன் 1949இல் குஜராத்தின் ஆனந்த் நகருக்குச் சென்றார். அவர் மாடு மேய்க்கவில்லை. 1946இல் அங்கு உழவர்கள் தொடங்கியிருந்த பால் கூட்டுறவு ஒன்றியத்துக்கு இயந்திரமும் நிர்வாகமும் சந்தையும் அமைத்துத் தந்தார். உழவரின் பாலுக்கு அதனால் உறுதியான விலை கிடைத்தது.

ஆதலின், பெரியவரிடம் இவ்வாறு கூறினோம்: "ஐயா, பையன் உடனே வேலையை விட வேண்டாம். மஞ்சளுக்கு ஒன்பது மாதம். அந்த ஒரு பட்டம் முழுவதும் வீட்டார் உழைப்புக்கும் கூலி போட்டு வரவு செலவு எழுதுங்கள். அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓராண்டுக் குடும்பச் செலவு கையில் சேர்ந்தபின் வரட்டும். வந்தால் வயலோடு நில்லாமல் சங்கத்தின் விற்பனையிலும் பங்கு கொள்ளட்டும். பெண் கிடைக்கும் என்று எம்மால் உறுதி கூற இயலாது. ஆனால், பெண் வீட்டார் கேட்கும்போது காட்டுவதற்குக் கணக்கேடு ஒன்று இருக்கும்."

பெரியவர் சிரித்தார். பின்பு, ஈட்டுக்கடனுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு சென்றார்.

உழவு மேலா, மென்பொருள் மேலா என்னும் வினாவுக்கு இன்றைய கணக்கு மென்பொருளின் பக்கமே சாய்கிறது. அதனை மாற்றுவது தனியொருவரால் ஆகாது. விளைந்த பொருளை ஒன்றுசேர்த்து விற்கும் சங்கத்தாலேயே ஆகும். வரும் தை மாத அறுவடைக்குள் ஒவ்வொரு சங்கமும் தன் ஈட்டுக்கடன் பதிவேட்டை எடுத்துப் பார்க்குமாக!