கம்ப்யூட்டரும் வாடகைக்குக் கிடைக்கிறது
உழவர் நிறுவனங்களும் சங்கங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய மேகக் கணினிச் சேவை

இரண்டு ஏக்கரில் நெல் சாகுபடி செய்பவர் அறுவடை இயந்திரத்தைச் சொந்தமாக வாங்குவதில்லை. வருடத்தில் சில மணி நேர வேலைக்காக லட்சக்கணக்கில் முதல் போட்டு, மீதி நாளெல்லாம் அதைக் கொட்டகையில் நிறுத்தி வைப்பது கட்டுப்படியாகாது. தேவைப்படும்போது மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி வரவழைக்கிறோம். கணக்கு வழக்குகளைப் பார்க்கும் கம்ப்யூட்டர் வசதியையும் இதேபோல் வாடகைக்கு எடுக்கும் முறை பரவியுள்ளது. இதற்கு 'கிளவுட் கம்ப்யூட்டிங்' என்று பெயர். தமிழில் மேகக் கணினி முறை எனலாம்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், உரக்கடைகள், அரிசி ஆலைகள் எனப் பல இடங்களிலும் இச்சேவை நுழைந்துவிட்டது. எதை வாடகைக்கு எடுக்கிறோம், எது நம் பொறுப்பு என்று தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், உறுப்பினர்களின் பங்குத்தொகை, கடன், கொள்முதல் பாக்கி ஆகிய விவரங்கள் எல்லாம் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். ஆகவே நிர்வாகிகள் மட்டுமின்றி, உறுப்பினராக உள்ள சிறு விவசாயிகளும் இதைப் பற்றி அறிந்திருப்பது நல்லது.

மேகம் என்பது என்ன?

மேகத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. கம்ப்யூட்டர் பொறியாளர்கள் வரைபடம் போடும்போது, வெளியே உள்ள தொலைத்தொடர்பு வலையைக் குறிக்க மேகம் போன்ற உருவம் வரைவது வழக்கம். அதிலிருந்து வந்த பெயர் இது. உண்மையில், பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டு, இரவு பகலாக மின்சாரமும் குளிர்காற்றும் கொடுக்கப்பட்டு இயங்குகின்றன. இக்கட்டடங்களுக்குத் தரவு மையங்கள் என்று பெயர். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-இல் சென்னை, மும்பை, புனே ஆகிய நகரங்களிலும், அமேசான் நிறுவனம் 2016-இல் மும்பையிலும் இத்தகைய மையங்கள் மூலம் சேவையைத் தொடங்கின. நம் அலுவலகத்தில் ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரும் இணைய இணைப்பும் இருந்தால் போதும். கணக்கு அங்கே சேமிக்கப்படும். நாம் இங்கிருந்து பார்க்கலாம்.

மின்சாரம், தொலைபேசிபோல் கம்ப்யூட்டர் வசதியும் ஒருநாள் பொதுச் சேவையாகக் கிடைக்கலாம் என்று ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்க அறிஞர் 1961-இலேயே கூறினார். அது பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது 2006-இல்தான். அவ்வாண்டு அமேசான் நிறுவனம் விவரங்களைச் சேமித்து வைக்கும் இடத்தையும், கம்ப்யூட்டரின் இயக்கத்தையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. ஒரு சிறிய கம்ப்யூட்டருக்கு அப்போது மணிக்கு 10 அமெரிக்க சென்ட் வாடகை.

அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2011-இல் இம்முறைக்கு ஐந்து அடையாளங்களைக் கூறியது. வேண்டும்போது நாமே எடுத்துக்கொள்ளலாம். இணையம் வழியே எங்கிருந்தும் பயன்படுத்தலாம். ஒரே வசதியைப் பலரும் பகிர்ந்துகொள்வார்கள். தேவைக்கு ஏற்ப விரைவாகக் கூட்டவும் குறைக்கவும் இயலும். பயன்படுத்திய அளவு மீட்டர் போட்டு அளக்கப்படும்.

மூன்று வகைச் சேவைகள்

இச்சேவையில் மூன்று வகைகள் உண்டு. குத்தகை நிலத்தை உதாரணமாகக் கொண்டால் எளிதில் விளங்கும்.

முதல் வகை, உள்கட்டமைப்புச் சேவை. வெறும் நிலத்தையும் கிணற்றையும் குத்தகைக்கு எடுப்பது போன்றது இது. கம்ப்யூட்டரும் சேமிப்பு இடமும் கிடைக்கும். அதற்கு மேல் மென்பொருள் ஏற்றுவது, காலாகாலத்தில் அதைப் புதுப்பிப்பது, திருடர் புகாமல் வேலி போடுவது எல்லாம் நம் வேலை. தேர்ந்த பொறியாளர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே இது ஏற்றது.

இரண்டாம் வகை, மேடைச் சேவை. உழுது சமன்செய்து, பாத்தி கட்டி, வேலி போட்டு, பாசன வசதியும் செய்து தரப்பட்ட நிலம் போன்றது. விதையும் பயிரும் மட்டும் நம்முடையவை. அதாவது, நமக்கென்று தனி மென்பொருள் எழுதுபவர்கள், அடியில் உள்ள கம்ப்யூட்டர் பராமரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் தங்கள் மென்பொருளை அதில் ஏற்றி ஓட்டலாம். கூகுள் நிறுவனம் 2008-இல் இவ்வகைச் சேவை ஒன்றை அறிமுகப்படுத்தியது.

மூன்றாம் வகை, மென்பொருள் சேவை. விளைந்த காய்கறியைச் சந்தையில் வாங்குவது போன்றது. பில் போடுவது, இருப்புக் கணக்கு, பேரேடு எல்லாம் தயாராக இருக்கும். ஒரு நபருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் செலுத்திப் பயன்படுத்த வேண்டியதுதான். ஜி-மெயில் இந்த வகையைச் சேர்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் கணக்கு மென்பொருளும் இந்த வகையே.

சில நூறு உறுப்பினர்களைக் கொண்ட உழவர் நிறுவனத்துக்கு மூன்றாம் வகையே பெரும்பாலும் போதுமானது. முதல் வகையில் வாடகை மலிவாகத் தோன்றும். ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வைக்கும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களில்

நம் நாட்டில் சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29-இல் ஒப்புதல் அளித்தது. ஒவ்வொரு சங்கமும் தனித்தனி மென்பொருள் வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, மேகக் கணினியில் இயங்கும் பொது மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துவதே இத்திட்டத்தின் முறை. விவசாயி வாங்கிய பயிர்க்கடனும் கட்டிய தவணையும் இப்படிப்பட்ட கணக்கில்தான் ஏறுகின்றன. எனவே இது பட்டணத்துக் கம்பெனிகளின் விவகாரம் மட்டும் அல்ல.

ஆதாயமும் செலவும்

சொந்தமாகப் பெரிய கம்ப்யூட்டர் வாங்கினால், கொள்முதல் காலத்து உச்ச வேலையைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். மற்ற மாதங்களில் அது சும்மா இருக்கும். வாடகை முறையில் கொள்முதல் காலத்தில் கூடுதலாக எடுத்துக்கொண்டு, பிறகு குறைத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் மழைநீர் புகுந்தாலும், கம்ப்யூட்டர் களவு போனாலும், கணக்கு வேறிடத்தில் இருக்கும்.

ஆனால் வாடகை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. முதல் இரண்டு வகைகளில், பயன்படுத்தாத கம்ப்யூட்டரை நிறுத்தாமல் விட்டாலும் மீட்டர் ஓடும். மூன்றாம் வகையில், வேலையை விட்டுப் போனவரின் பெயரை நீக்காவிட்டால் அவருக்கும் சேர்த்துக் கட்டணம் கட்ட நேரிடும். சொந்தக் கம்ப்யூட்டர் வாங்கினால் ஆகும் செலவையும் ஐந்து ஆண்டு வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்து முடிவு செய்வதே முறை.

எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். மூன்று வகைகளில் எதை எடுத்தாலும், யாரை உள்ளே விடுவது என்பதும், கடவுச்சொல்லைக் காப்பதும், பதியும் விவரம் சரியா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு. 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையொட்டியே உள்ளது. உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு போன்ற விவரங்களைக் கையாளும் வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும், அவற்றைச் சேகரித்தவரின் பொறுப்பு நீங்குவதில்லை.

பெரிய நிறுவனம் என்பதால் ஆபத்தே வராது என்றும் எண்ணக்கூடாது. 2021 மார்ச் 10-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுவதும் அழிந்தது. வேறு இடத்தில் நகல் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் மீண்டார்கள். வைத்திராத பலர் தங்கள் விவரங்களை இழந்தார்கள். விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்காத விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தத்துக்கு முன் கவனிக்க வேண்டியவை

1. கணக்கு நிறுவனத்தின் பெயரிலும், நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பார்க்கும் ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கினால், அவர் விலகும் நாளில் கணக்கும் கைவிட்டுப் போகும்.

2. கடவுச்சொல் தெரிந்தவர்கள் குறைந்தது இரண்டு நிர்வாகிகளாக இருக்க வேண்டும். கைப்பேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு முறையை அவசியம் ஏற்படுத்த வேண்டும்.

3. எல்லா விவரங்களையும் எக்செல் போன்ற பொதுவான வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். ஒருமுறை எடுத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

4. கட்டணம் கட்டத் தவறினால் எத்தனை நாட்கள் விவரங்களை வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

5. சொல்லும் கட்டணம் ஜி.எஸ்.டி. சேர்த்ததா, அடுத்த ஆண்டு எவ்வளவு, ஆட்கள் கூடினால் எவ்வளவு, விலகும்போது விவரங்களை எடுத்துச் செல்லத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

6. மாதம் ஒருமுறை முழு நகல் எடுத்து, தனி வன்தட்டில் ஏற்றி, அலுவலகத்துக்கு வெளியே பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும். அந்த நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் அவசியம்.

7. இணையம் அறுந்த நாளில் கொள்முதல் நிற்காமல் இருக்க, வரிசை எண் அச்சிட்ட காகித ரசீதுப் புத்தகம் கைவசம் இருக்க வேண்டும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியது

கணக்கு எங்கே இருந்தாலும், அதில் உள்ள பணம் உறுப்பினருடையது. சரக்குப் போட்ட ரசீது, தவணை கட்டிய ரசீது, பாஸ் புத்தகம் ஆகியவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். வருடத்தில் ஒருமுறையாவது உங்கள் கணக்கு விவரத்தை அச்சிட்டு வாங்கி, கையில் உள்ள ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேரவைக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். நம் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? கடைசியாக நகல் எடுத்தது எந்தத் தேதியில்? அந்த நகல் இப்போது எங்கே இருக்கிறது?

இம்மூன்றுக்கும் உடனே விடை சொல்லும் நிர்வாகம், எந்த வகைச் சேவையை எடுத்திருந்தாலும் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கும். விடை கிடைக்காவிட்டால், அடுத்த ஆண்டு வாடகையைக் கட்டும் முன் மேற்கண்ட ஏழு அம்சங்களையும் சரிசெய்யச் சொல்வது உறுப்பினர்களின் உரிமையும் கடமையும் ஆகும்.