நகராட்சிக் கல்லாவில் அரசு கை வைத்தால்...



நகராட்சிக்கு வருமானம் குறைந்தால் அது ஆணையரின் கவலை, நமக்கென்ன என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். ஆனால் கடை வாசலில் எரியும் விளக்கும், தேங்காமல் ஓடும் சாக்கடையும், காலையில் வரும் குப்பை வண்டியும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. அதை மாநில அரசு எடுத்துக்கொண்டால் இழப்பு எப்படிச் சுற்றி வந்து சிறு கடைக்காரர் தலையில் விடிகிறது என்பதற்கு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடந்தது நல்ல பாடம்.

1978 ஜூனில் அங்கே மக்கள் வாக்கெடுப்பில் 13-ஆம் எண் தீர்மானம் நிறைவேறியது. சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சொத்து கைமாறும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று ஏற்பாடாயிற்று. வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் வசூலாகும் வரியை நகரம், மாவட்டம், பள்ளி என்று பங்கு போடும் உரிமை மாநிலச் சட்டமன்றத்தின் கைக்குப் போயிற்று. வசூல் ஊரில், பாகப்பிரிவினை தலைநகரில்!

1990-களின் தொடக்கத்தில் தொழில் மந்தம் வந்து மாநில அரசுக்குப் பற்றாக்குறை விழுந்தது. பள்ளிகளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு தந்தாக வேண்டும் என்று அதன் அரசியல் சட்டமே சொல்கிறது. அரசு என்ன செய்தது? 1992, 1993 ஆண்டுகளில் நகரங்கள், மாவட்டங்களின் சொத்து வரிப் பங்கில் பல நூறு கோடி டாலரைப் பள்ளிக் கணக்குக்குத் திருப்பிவிட்டது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அந்தத் திருப்பல் ஒரு வருடத்தோடு நிற்கவும் இல்லை. எதிர்ப்புக் கிளம்பியதும், 1993 நவம்பர் வாக்கெடுப்பில், முடிய வேண்டிய தற்காலிக அரை சதவீத விற்பனை வரி நிரந்தரமாக்கப்பட்டு, காவல், தீயணைப்புச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. அதிலும் பெரும்பகுதி மாவட்டங்களுக்கே. அரசு எடுத்த பணத்துக்கு ஈடு கடைக் கல்லாவில் வசூலானது.

இனிதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம். அங்கே விற்பனை வரியில், விற்பனைத் தொகைக்கு 1 சதவீதம் வீதம், விற்பனை நடந்த ஊருக்கே சேரும். சொத்து வரி கையை விட்டுப் போனதும், எந்த வழியில் விற்பனை வரியைப் பெருக்கலாம் என்று நகரங்கள் பார்த்தன. பெரும் அங்காடிகளையும் கார் விற்பனை நிலையங்களையும் போட்டி போட்டு அழைத்தன. சாலை போட்டுக் கொடுத்தும், வரியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தும் பிடித்த ஊர்கள் உண்டு. வீட்டுக்கு வாங்கிப் போகும் உணவுப் பொருளுக்கு அங்கே பெரும்பாலும் விற்பனை வரி கிடையாது. ஆகவே சிறு மளிகைக் கடையால் நகராட்சிக்கு வரவு சொற்பம். வரவு சொற்பமானவன் குரல் எந்த அலுவலகத்தில் எடுபடும்?

2003-இல் அடுத்த அடி. வாகன உரிமக் கட்டணத்தைக் குறைத்தபோது அந்த இழப்பை நகரங்களுக்கு ஈடுசெய்து வந்தது மாநில அரசு. நிதி நெருக்கடியில் அந்த ஈடே ஆட்டம் கண்டது. இம்முறை நகரங்கள் மனுக் கொடுத்ததோடு நிற்கவில்லை. மாவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு, கையெழுத்துத் திரட்டி, நேராக வாக்காளரிடம் போயின. ஆளுநர் ஆர்னால்டு சுவார்ஸ்நேக்கர் பேச்சுக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 130 கோடி டாலர் விட்டுக்கொடுக்க உள்ளாட்சிகள் ஒப்புக்கொண்டன. பதிலுக்கு, இனி அவர்கள் வருமானத்தை அரசு எளிதில் தொட முடியாதபடி 1-ஏ தீர்மானம் வந்தது. 2004 நவம்பரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர்.

ஆனால் அந்தப் பூட்டுக்கு மாற்றுச்சாவி இருந்தது. கடும் நெருக்கடியில் வட்டியோடு திருப்பித் தருவதாகக் கடன் வாங்கலாம் என்ற விதியைக் கொண்டு 2009-இல் அரசு சுமார் 190 கோடி டாலர் எடுத்தது. உடனே உள்ளாட்சிகள் 22-ஆம் எண் தீர்மானத்தைக் கொண்டுவந்து, 2010 நவம்பரில் அந்த வழியையும் அடைத்தன.

அதோடு முடிந்ததா? 2011-இல் நகர மறுசீரமைப்பு முகமைகளையே கலைக்கச் சட்டம் வந்தது. பணம் கட்டினால் பிழைக்கலாம் என்று கூடவே இன்னொரு சட்டம். 2011 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், கலைத்தது செல்லும் என்றது. கட்டாயப் பணம் 22-ஆம் தீர்மானத்துக்கு விரோதம் என்று பிழைக்கும் வழியை ரத்து செய்தது. 2012 பிப்ரவரி 1-ஆம் தேதி சுமார் 400 முகமைகள் மூடப்பட்டன. தாங்கள் போட்ட பூட்டே தங்கள் வாசலையும் அடைத்தது. ஆனால் அந்த முகமைப் பணத்தில் பெரும் அங்காடிகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்த ஊர்களும் இருந்ததால், எல்லாச் சிறு கடைக்காரரும் அதற்கு அழுதிருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, வசூலிப்பவன் ஒருவன், பங்கு போடுபவன் இன்னொருவன் என்றால், பங்கு எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும். நம் வியாபாரக் கூட்டிலும் அதுதானே விதி! இரண்டு, நகராட்சி தன் உரிமைக்குப் போராடும்போது வணிகர் ஒதுங்கி நிற்கக்கூடாது. கூடவே நின்று, கிடைக்கும் பணம் எந்தத் தெருவுக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும். நகராட்சியின் பற்றில் விழும் துண்டை அடைக்க, கடைசியில் நம் வரவில்தான் கை நீளும்.