எந்த வீட்டு வாசலில்?

அம்மா பெர்லினுக்கு வந்த முதற்கிழமை பிராண்டன்பேர்க் வாயிலைக் காட்டினேன். படம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவரை மறித்து நிறுத்தியது எங்கள் தெரு நடைபாதையில் பதித்திருந்த சின்னப் பித்தளைத் தகடு.

ஜேர்மன் மொழியில் ‘ஸ்ரொல்பர்ஸ்ரைன்’, இடறுகல் என்று பொருள். 10 சென்ரிமீற்றர் சதுரம். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கி பெயர், பிறந்த ஆண்டு, நாஜிகள் கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம். சிலவற்றில் ‘கதி தெரியாது’ என்றிருக்கும். குன்ரர் டெம்னிக் என்ற கலைஞர் முதற்கல்லை 1992இல் கொலோன் நகரில் பதித்தார். இன்று ஐரோப்பாவில் 1 இலட்சத்துக்கும் மேல். உறவினர், அயலவர், பாடசாலைப் பிள்ளைகள் விபரம் தேடிச் செலவையும் ஏற்று வைக்கிறார்கள்.

“பேரை மிதிக்கலாமே?” என்று அம்மா விலகி நடந்தார். இதே காரணத்தைச் சொல்லி மியூனிக் நகரசபை பொது நடைபாதைகளில் இவற்றை அனுமதிப்பதில்லை.

எந்த வாசலில் வைப்பது என்பதற்கும் முறை உண்டு. அந்த மனிதர் தன் விருப்பத்தோடு வாழ்ந்த கடைசி வீட்டுக்கு முன்னால். பிறகு அடைத்துவைத்த இடங்கள் கணக்கில்லை.

இதைச் சொன்னதும் அம்மா விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். பரந்தன், தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன். 2009 மே மாதம் வட்டுவாகலில் அண்ணாவை இராணுவத்திடம் ஒப்படைத்தோம்.

“கொண்ணன் விரும்பி இருந்தது பரந்தன் வீட்டில மட்டும்தான்” என்றார். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு, “வீடு இல்லை. வாசற்படி கிடக்குது.”