வெளிமூச்சு நீளட்டும்

நாம் ஒரு நாளில் 21,600 முறை மூச்சு விடுகிறோம் என்பது நம் முன்னோர் கணக்கு. அதாவது, நிமிடத்திற்குப் பதினைந்து முறை. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு என்று இன்றைய மருத்துவமும் கூறுகிறது. ஆனால், இவற்றுள் ஒன்றையேனும் நாம் அறிந்து விடுகிறோமா?

கொச்சியில் இடப்பள்ளிச் சந்திப்பின் மாலை நெரிசலில் பேருந்து நகராமல் நிற்கும்போது நம் உடலைக் கவனித்தால் உண்மை விளங்கும். தோள்கள் இறுகியிருக்கும், மூச்சு மார்பின் மேற்பகுதியிலேயே விரைந்து வந்து போகும், இதயம் படபடக்கும். நாள்தோறும் இந்நிலை தொடர்ந்தால் உறக்கமும் இரத்த அழுத்தமும் பாதிக்கப்படக்கூடும்.

மூச்சும் இதயமும்

உள்மூச்சின்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும் வெளிமூச்சின்போது தணிவதும் இயற்கை. உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல் வெளிமூச்சின்போது மேலோங்குவதே இதற்குக் காரணம். ஆகவே, ஆழ்ந்த சுவாசத்தின் பயன் காற்றை நிறைய இழுப்பதில் மட்டும் இல்லை. மெல்ல வெளிவிடுவதில்தான் பெரிதும் இருக்கிறது.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவினரும் 23 பேரிடம் நடத்திய ஆய்வு 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. இலத்தீன் மொழியில் செபமாலை சொன்னபோதும், யோக மந்திரம் ஓதியபோதும், அவர்களது மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயலும் மேம்பட்டது. புனித ஜார்ஜ் தேவாலயமும் கணபதி கோயிலும் அமைந்த இடப்பள்ளியில் இச்செய்தி யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

திருமூலரும் திருமந்திரத்தில் பூரகத்திற்கு 16, இரேசகத்திற்கு 32 மாத்திரை என வகுத்து, வெளிமூச்சை உள்மூச்சைப் போல் இருமடங்காக்கினார். இடையே 64 மாத்திரை மூச்சை அடக்கும் கும்பகத்தை ஆசிரியர் துணையின்றி முயலலாகாது.

எளிய பயிற்சி

முதுகு நிமிர்ந்து அமர்ந்து, ஒரு கையை வயிற்றின்மீது வைத்துக்கொள்வோம். மூக்கின் வழியே நான்கு எண்ணும்வரை மூச்சை இழுப்போம். வயிறு மெல்ல உயர வேண்டும். பின்னர் ஆறு எண்ணும்வரை வெளிவிடுவோம். ஓர் எண்ணிக்கை ஒரு விநாடி எனக் கொண்டால், நிமிடத்திற்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடத்தில் முப்பது. காலையில் எழுந்ததும், இரவு உறங்கும்முன்பும் செய்யலாம். வங்கியில் முறை வரும்வரை காத்திருக்கும் நேரமும் இதற்கு ஏற்றதே.

கவனிக்க வேண்டியவை

தலை சுற்றினால் உடனே நிறுத்தி இயல்பாக மூச்சு விட வேண்டும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளோரும் கருவுற்ற பெண்களும் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குவது நன்று. இரத்த அழுத்தத்திற்கான மாத்திரையை, இப்பயிற்சியை நம்பி நாமாகவே நிறுத்தக் கூடாது. காற்றின் தூய்மையும் முக்கியம். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து கொச்சி நகரைப் புகை சூழ்ந்தபோது, வீட்டினுள் இருப்பதும் முகக்கவசம் அணிவதுமே அறிவுரையாக இருந்தது. புகையும் தூசும் மிகுந்த இடத்தில் ஆழ்ந்து மூச்சிழுத்தல் நன்மை தராது.

இன்னொரு பயனும் உண்டு. உங்கள் கணக்கு முடக்கப்படும், கைது செய்யப்படுவீர்கள் என்று அச்சுறுத்தும் மோசடி அழைப்புகள் நம் பதற்றத்தையே நம்பி வருகின்றன. அவ்வேளையில் அழைப்பைத் துண்டித்து, ஆறு முறை மெல்ல மூச்சு விடுவோம். அந்த ஒரு நிமிட நிதானம் நம் உடல்நலத்தோடு சேமிப்பையும் காக்கும்.