கிட்டாருக்குள் ஒரு தராசு

மாணவர்களே, வீணை வாசிப்பவரின் இடது கையை உற்றுக் கவனித்திருக்கிறீர்களா? அவர் மெட்டின் மேல் கம்பியை அழுத்தி, அப்படியே பக்கவாட்டில் இழுக்கிறார். சுருதி வழுக்கிக்கொண்டு மேலே ஏறுகிறது. கம்பியின் இழுவிசை கூடியதே இதற்குக் காரணம். ஆனால், அந்த மெட்டுக்கு உரிய சுருதிக்குக் கீழே இவ்வாறு இறங்க முடியாது.

மின் கிட்டாரில் இறங்கவும் முடியும். அதற்கு உதவுவது 'டிரெமொலோ பிரிட்ஜ்'. வீணையில் குதிரை என்கிறோமே, அதுதான் பிரிட்ஜ். அமெரிக்கரான லியோ ஃபெண்டர், 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் அசையும் குதிரையை அமைத்தார். உண்மையில் டிரெமொலோ என்பது ஒலியின் உரப்பு ஏறி இறங்குவது. சுருதி ஏறி இறங்குவதன் பெயர் வைப்ராட்டோ. எனினும் தவறான பெயரே நிலைத்துவிட்டது.

ரிஷிவந்தியத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்த மாணவர் ஒருவர், இத்தகைய குதிரையைத் தம் கிட்டாரில் தாமே பொருத்தினார். பிறகு சோர்ந்த முகத்துடன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "சார், ஒரு கம்பியின் சுருதியைக் கூட்டினால் மற்ற ஐந்தும் இறங்கிவிடுகின்றன. காசு வீணாகிவிட்டதா?" என்று கேட்டார். குதிரையில் கோளாறு எதுவும் இல்லை. அது இயற்பியல் விதிப்படியே நடந்துகொண்டது!

இருபுறத்து இழுப்பு

அசையும் குதிரை ஒரு நெம்புகோல். அதன் முன்விளிம்பே சுழல்புள்ளி. மேலே ஆறு கம்பிகள் அதை முன்னோக்கி இழுக்கின்றன. இவற்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 45 கிலோகிராம் எடைக்குச் சமம்; ஒரு சிமெண்டு மூட்டையைவிடச் சற்றே குறைவு! குதிரையின் அடியில் தொங்கும் உலோகக் கட்டையை, கிட்டாரின் முதுகுப்புறக் குழியில் உள்ள சுருள்விற்கள் இழுக்கின்றன. இரு திருப்புத்திறன்களும் சமமானால் தராசு முள் போலக் குதிரை நடுவில் நிற்கும்.

அதிர்வெண், இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே ஒரு கம்பியை அரைச்சுரம் உயர்த்த இழுவிசையைச் சுமார் 12 சதவீதம் கூட்ட வேண்டும். கூட்டியதும் குதிரை முன்னால் சாய்கிறது. மற்றக் கம்பிகள் தளர்கின்றன. அந்த மாணவர் கண்டது இதைத்தான்.

இதற்கு வழி எளியது. கட்டையின் பின்புறம் ஒரு மரத்துண்டைச் செருகி, குதிரை சாயாமல் நிறுத்துங்கள். ஆறு கம்பிகளுக்கும் சுருதி கூட்டுங்கள். பிறகு சுருள்விற்களைப் பிடித்திருக்கும் இரு திருகாணிகளையும் சிறிது சிறிதாக முறுக்குங்கள். மரத்துண்டு தானே தளர்ந்து விழும் கணத்தில் சமநிலை கிட்டிவிட்டது. அவருடைய கிட்டாரும் அப்படித்தான் வழிக்கு வந்தது.

வெட்டும் முன் அளவு

புதிதாகப் பொருத்துவோர் மரத்தை வெட்டும் முன் அளவைச் சரிபார்க்க வேண்டும். வெட்டிய குழியை நகர்த்த முடியாதல்லவா! கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். எனவே, கம்பி தொடங்கும் மேல்முனையிலிருந்து 12-ஆம் மெட்டு வரை 324 மி.மீ. என்றால், குதிரை 648 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். 6 மி.மீ. தள்ளி வைத்தால் 12-ஆம் மெட்டின் சுருதி, அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறையும். பழகிய காது இதைப் பொறுக்காது. மெட்டில் அழுத்தும்போது இழுவிசை சற்றுக் கூடுவதால், நீளத்தைச் சிறிது கூட்டவும் வேண்டும். அதற்கென ஒவ்வொரு கம்பிக்கும் தனித் திருகாணி உண்டு.

நெம்புகோலை அழுத்தி விட்டபின் சுருதி பழைய நிலைக்குத் திரும்பவில்லையா? மேல்முனைப் பள்ளத்தில் உராய்வு கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும். பென்சில் முனையின் கிராஃபைட் பொடியைத் தடவினால் கம்பி எளிதில் வழுக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி: வாசிக்கும்போது ஒரு கம்பி அறுந்துவிட்டால், மற்ற ஐந்தின் சுருதியும் ஏறுமா, இறங்குமா? தராசை மனத்தில் நிறுத்திச் சிந்தியுங்கள், விடை கிடைத்துவிடும்.