பெருவிற்பனை நாளும் இணையக் கடையும்

மலாக்காத் தோட்டப்புறங்களில் சம்பள நாள் என்பது ஒருகாலத்தில் தனிச்சிறப்புடைய நாளாகும். மாதம் முழுவதும் அமைதியாகக் கிடந்த தோட்டத்துக் கடையில் அன்று மாலை கால் வைக்க இடமிராது. அனுபவமுள்ள கடைக்காரர் அதற்கென மூன்று ஏற்பாடுகள் செய்துகொள்வார். அரிசியையும் பருப்பையும் முன்னதாகவே நிறுத்துப் பொட்டலம் கட்டி வைப்பார். உதவிக்கு இரண்டொரு ஆள் சேர்ப்பார். கணக்குப் புத்தகத்தை மட்டும் பிறர் கையில் கொடார்.

இன்று பாயா ரும்புட்டில் வீட்டுக்குள் இருந்தபடியே கைப்பேசியில் புடைவையும் பாத்திரமும் வாங்கலாம். அக்டோபர் 10, நவம்பர் 11 என நாளும் திங்களும் ஒரே எண்ணாக வரும் நாள்களில் இணையக் கடைகள் பெருவிற்பனை நடத்துகின்றன. நள்ளிரவு மணி பன்னிரண்டு அடித்ததும் பல இலட்சம் பேர் ஒரே கடையின் வாயிலில் வந்து நிற்கின்றனர். அந்த நெரிசலைத் தாங்கும் வழி யாது?

நெரிசலின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். டென்மார்க் நாட்டவரான ஏர்லாங் என்பார் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்தவர். தொலைபேசி அழைப்புகளைப் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வரிசைக் கணிதம் என்னும் துறை வளர்ந்தது. அத்துறை காட்டும் உண்மை வியப்பானது. ஒருவர் கவனிக்கும் ஒரு வரிசையைக் கொள்க. ஆட்கள் முன்பின்னாக வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடக்குறைய உள்ளது. சராசரி வேலை நேரம் 1 நொடி. கவனிப்பவரின் திறனில் பாதியளவே வேலை இருந்தால், வந்தவர் வேலை முடிந்து திரும்பச் சராசரியாக 2 நொடி ஆகும். நூற்றுக்கு 90 பங்கு வேலை இருந்தால் 10 நொடி; 99 பங்கானால் 100 நொடி! கூட்டம் இரு மடங்கு ஆகுமுன்னரே காத்திருப்பு ஐம்பது மடங்காகிறது. பொறுமையிழந்தோர் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவதால் சுமை மேலும் ஏறுகிறது.

இதற்கு இந்தியாவில் நிகழ்ந்த ஒரு சான்று உண்டு. 2014 அக்டோபர் 6ஆம் நாள் ஃபிளிப்கார்ட் நிறுவனம் ஒருநாள் பெருவிற்பனை நடத்தியது. பத்து மணி நேரத்தில் 10 கோடி அமெரிக்க டாலர் மதிப்புள்ள பொருள்கள் விற்றன என அது அறிவித்தது. ஆயினும் தளம் தடைப்பட்டது. பலர் கொடுத்த ஆணைகள் பின்னர் நீக்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 சேவைக் கணினிகளை அமைத்து, வழக்கத்தினும் 20 மடங்கு கூட்டத்துக்கு ஆயத்தமாக இருந்தும் அது போதவில்லை என்று நிறுவனர் இருவரும் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கோரினர். மறு ஆண்டு அவ்விற்பனை அக்டோபர் 13 முதல் 17 வரை ஐந்து நாள்களுக்குப் பரப்பப்பட்டது.

ஆள் சேர்ப்பது மட்டும் போதாது என்பதே இதனாற் பெறப்படும் பாடம். பொருளின் படத்தையும் விவரத்தையும் எத்தனை கணினிகளிலும் நகலெடுத்து வைக்கலாம். அது முன்னரே கட்டிய பொட்டலம் போன்றது. ஆனால் ‘இருப்பில் எத்தனை மிச்சம்?’ என்னும் கணக்கு அத்தகையதன்று. கடைசிப் புடைவை ஒன்றே இருக்க, இரு கணினிகள் ஒரே நொடியில் இருவருக்கு அதை விற்றுவிட்டால் ஒருவர் ஏமாற்றப்படுவார். ஆகவே அக்கணக்கு எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக, ஒழுங்கான ஒரே வரிசையில் மாற்றப்பட வேண்டும். நெருக்கடி வந்து சேர்வது பெரும்பாலும் அவ்விடத்தில்தான்.

அதனைக் காக்கப் பொறியாளர் பல முறைகளைக் கையாளுகின்றனர். விற்பனைக்குப் பல நாள் முன்பே போலிக் கூட்டம் ஒன்றை உண்டாக்கி அமைப்பு முழுவதையும் சோதிக்கின்றனர். சோதித்த பின் புதிய மாற்றம் எதனையும் புகுத்துவதில்லை. கூட்டம் மிகும்போது, ‘இவையும் உமக்குப் பிடிக்கலாம்’ என்பன போன்ற அணிகலன்களை நிறுத்திவிட்டு, ஆணைக்கும் பணத்துக்கும் வலிமையை ஒதுக்குகின்றனர். எஞ்சியோரை வெளியிலேயே வரிசையில் நிறுத்தி முறைப்படி உள்ளே விடுகின்றனர். ஒவ்வோர் ஆணைக்கும் தனி எண் தரப்படுவதால், ஒருவர் பதற்றத்தில் இருமுறை அழுத்தினாலும் பணம் ஒருமுறையே கழியும். சீனாவின் அலிபாபா நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு விற்பனையில் உச்ச நிலையில் நொடிக்கு 5,83,000 ஆணைகள் பதிவாயின. மலேசியாவில் இயங்கும் லசாடா அக்குழுமத்தைச் சேர்ந்ததே.

‘சற்றுப் பொறுங்கள்’ என்று கடை சொன்னால் வாங்குபவர் பொறுப்பார். வாங்கியாயிற்று என்று சொல்லிவிட்டு, மறுநாள் இல்லை என்றால் பொறார். வாரக்கூலியில் மிச்சம் பிடித்த பணத்தைத் திருநாளுக்கென அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கு அது வெறும் இயந்திரக் கோளாறு அன்று. சம்பள நாளில் தோட்டத்துக் கடைக்காரர் காத்ததும் இதனையே: வரிசை நீண்டாலும் கணக்குப் பிசகவில்லை.